எழுநூற்று இருபது டி1: மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன், வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். எனக்குத் தோள்பட்டை வலி பழையபடியே இருக்கிறது, அதுவும் நலம். அங்கே நீங்களும் தங்கையும் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் பதினோரு நாட்களாகத் தங்கை போனை எடுத்து, "அவர் குளிச்சிட்டு இருக்காருண்ணா" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். காலை ஏழு மணிக்கும் குளிக்கிறீர்கள், மதியம் இரண்டு மணிக்கும் குளிக்கிறீர்கள், நேற்று மாலை ஆறு மணிக்கும் குளித்துக்கொண்டிருந்தீர்கள். இத்தனை நாள் தண்ணீரிலேயே இருக்கும் ஒருவருக்குப் போனில் விளக்கம் சொல்ல முடியாது என்பதால்தான் கடிதம். கொஞ்சம் துவட்டிக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

என் மனைவி பின்னால் நின்று வரிக்கு வரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்குப் போகும் கடிதத்தில் 'தவறு', 'பிழை', 'கோளாறு' ஆகிய மூன்று சொற்களும் வரக்கூடாது என்று உத்தரவு. ஆகவே நடந்ததை நான் 'விஷயம்' என்றே எழுதுகிறேன். எங்கெல்லாம் 'விஷயம்' என்று வருகிறதோ அங்கெல்லாம் எந்தச் சொல் பொருந்தும் என்பதை உங்கள் பெருந்தன்மைக்கே விட்டுவிடுகிறேன்.

உங்களுக்குத் தெரியாத தொழில் இல்லை. இருந்தாலும் கடிதத்தை முதலில் பிரிப்பது தங்கைதான், அவள் என் மேல் கோபத்தோடு பிரிப்பாள் என்பதால் அவளுக்காகச் சில வரிகள். எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஆயிரத்து நூறு பேரின் பெயர், பிரிவு, பாஸ்வேர்டு எல்லாம் ஒரே ஒரு டைரக்டரி சர்வரில் இருக்கின்றன. நர்ஸ் கம்ப்யூட்டரைத் திறந்தாலும், டாக்டர் கதவில் அட்டையைக் காட்டினாலும், மருந்துக் கவுன்டரில் சீட்டைப் பார்த்தாலும், அந்தந்த மெஷின் எங்கள் சர்வரிடம் வந்து, "இன்னார் வந்திருக்கார், நம்ம ஆளா?" என்று கேட்கும். சர்வர் பார்த்து, "நம்ம ஆள்தான், விடு" என்று சொல்லும். ஒரே நேரத்தில் ஆயிரத்து இருபத்துநான்கு பேருக்கு அதனிடம் நாற்காலி உண்டு. அதற்கு மேல் வருகிறவர் வெளியே நிற்க வேண்டியதுதான். யார் எந்த விலாசத்திலிருந்து வந்தார், என்ன கேட்டார், எப்படிப் போனார் என்று ஒன்றுவிடாமல் அக்சஸ் லாக் என்ற பதிவில் அது எழுதிவைக்கும். இந்தச் சர்வரைப் பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொள்வது நான். இத்தனை வருஷத்தில் அந்தப் பதிவை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யாருக்கும் காட்டியதில்லை. அதுவரைக்கும் நிம்மதியாக இருந்தேன்.

ஏழு வாரத்துக்கு முன்னால் மருந்துக் கவுன்டருக்குப் புதுக் கேபிள் போட்டார்கள். போட்ட மறுநாளிலிருந்து விஷயம் ஆரம்பித்தது. தினமும் காலை எட்டு மணிக்கு, இரவு ஷிப்ட் போய்ப் பகல் ஷிப்ட் வரும் நேரத்தில், மருந்துக் கவுன்டரில் இருக்கும் ஆறு திரையும் அப்படியே நின்றுவிடும். முப்பது நிமிஷம், நாற்பது நிமிஷம் கழித்துத் தானாகவே சரியாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே வார்டு வார்டாக ஆட்கள் சீட்டோடு நிற்பார்கள். ஒரு நாள் மூன்றாம் வார்டுப் பெரியவர் ஒருவருக்கு எட்டு மணிக்குப் போக வேண்டிய இதய மாத்திரை எட்டு நாற்பதுக்குப் போனது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய மகள் சண்டை போடவும் இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு, "நாப்பது நிமிஷம் கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எல்லோரும் பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்போம். திட்டாததால் அது நிர்வாக அதிகாரியின் அறை வரைக்கும் போய்விட்டது.

எங்கள் நிர்வாக அதிகாரி மேடம் இங்கே வருவதற்கு முன் இருபது வருஷம் கோர்ட் அலுவலகத்தில் இருந்தவர். எதையும் உரக்கப் பேச மாட்டார். "சரி, யார் பண்ணினது?" என்று தண்ணீர் கேட்பது போலக் கேட்பார். கேபிள் மாற்றிய பிறகுதானே ஆரம்பித்தது, அதனால் கேபிள்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். கேபிள் போட்டவர் எங்கள் ஒப்பந்தக்காரர், ஐம்பது வயசு, 'கம்பி' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்தப் பெயர் தொழிலால் வந்ததா உடம்பால் வந்ததா என்று அவருக்கே தெரியாது. மேடம் அவரை நிற்கவைத்து, "வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குள்ள காரணம் தெரியணும். கேபிள்தான்னா உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம். சங்கடப்படாதீங்க, வேற ஆஸ்பத்திரிலயும் வேலை இருக்கும்" என்று மிகவும் அன்பாகச் சொன்னார். கம்பி நேராக என் சர்வர் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அந்தக் கேபிளை நானே மூணு தடவை சோதிச்சுட்டேன். நல்லா இருக்குன்னு மீட்டர் சொல்லுது. ஆனா நான் சொன்னா நம்ப மாட்டாங்க. உங்க சர்வர் சொன்னா நம்புவாங்க."

"அது என்னய்யா சொல்லும்?"

"யார் யார் எப்படி எழுந்து போனாங்கன்னு எழுதி வெக்கும்னு நீங்கதான் ஒரு நாள் சொன்னீங்க. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க சார். ரெண்டு பொண்ணுங்க படிக்குது."

இப்படிக் கேட்ட பிறகு எப்படி, மாப்பிள்ளை, சும்மா இருப்பது? அன்று மதியமே பதிவைத் திறந்தேன். ஒவ்வோர் இணைப்பும் முடிகிற இடத்தில் சர்வர் இரண்டே எழுத்தில் ஒரு குறி போடும். வேலை முடிந்து, "நான் வர்றேன்" என்று முறையாகச் சொல்லிவிட்டுப் போனால் யு1. சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனால் ஏ1. வந்து உளறினால் பி1. சர்வர் பதில் சொல்லி, அது போய்ச் சேராமல் திரும்பினால் பி4. பதிலை வாங்காமல் எதிராளி விழித்துக்கொண்டே நின்றால் டி2. வந்து, கேட்டு, பதிலும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு போகாமலும் பேசாமலும் நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்த சர்வர் தானே எழுப்பி அனுப்பினால் டி1. கேபிளில் விஷயம் இருந்தால் பி4-உம் டி2-உம் கொட்டிக் கிடக்க வேண்டும். நான் எண்ணினேன். பி4 ஐந்து வாரத்துக்கு ஒன்பது. டி2 மூன்றே மூன்று. கேபிள் தங்கம். டி1 மட்டும் ஒரு நாளைக்குப் பதினேழாயிரத்து இருநூற்று எண்பது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்து விநாடிக்கு ஒருவர் வருகிறார். ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருகிறார். ஆக, எந்த நேரத்தில் பார்த்தாலும் எழுநூற்று இருபது நாற்காலிகளில் ஊமையாக ஆட்கள். மிச்சம் இருப்பது முந்நூற்று நான்கு. காலை எட்டு மணிக்கு ஷிப்ட் மாறி, நர்ஸ்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தால் அந்த முந்நூற்று நான்கும் போய்விடுகிறது. மருந்துக் கவுன்டர் வெளியே நிற்கிறது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் புதன்கிழமையே ஒரு முன்கூட்டம் போடச் சொல்லி, நாற்பது பக்கம் அச்சடித்துக் கொண்டுபோய் மேடம் முன்னால் வைத்தேன். அதைச் செய்திருக்கக்கூடாது.

ஸ்டோர் மேனேஜர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏ1-ன்னு வரிசையா போட்டிருக்கே சார், எல்லாம் முதல் தரமாத்தானே இருக்கு? அப்புறம் என்ன குறை?" என்றார். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஏ1-ன்னா முதல் குற்றவாளி. ஏ2 யார்? எங்கே காணோம்?" என்று பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஏ2 என்று ஒரு குறியே கிடையாது மேடம் என்றேன். "கூட்டாளி இல்லாம இத்தனை பண்ண முடியுமா?" என்று கேட்டார். கம்பி ஓரத்தில் நின்றபடி, ஏற்கெனவே கம்பி எண்ணப் போய்விட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நான் அவசரமாகப் பலகையில் 'டி1 – 17,280, டி2 – 3' என்று பெரிதாக எழுதி விளக்க ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்துக் கேன்டீன் அம்மா பாத்திரம் எடுக்க உள்ளே வந்தார். பலகையை வாய்விட்டுப் படித்தார். "டீ ஒண்ணு, பதினேழாயிரமா? யாரு சார் குடிக்கப் போறது?" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தை யாராலும் நேராக நிறுத்த முடியவில்லை. மேடம் கூடச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "நல்லது. அந்தப் பதினேழாயிரமும் எங்கேயிருந்து வருதுன்னு வெள்ளிக்கிழமை சொல்லுங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன் மாப்பிள்ளை. பதினேழாயிரத்து இருநூற்று எண்பதும் ஒரே விலாசம். மருந்துக் கவுன்டர் மெஷின்.

அந்த மெஷினில் ஓடுவது யாருடைய புரோகிராம் என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருந்துக் கவுன்டருக்குப் புரோகிராம் எழுத ஆட்களை அழைத்தபோது நான் வாயே திறக்கவில்லை. நீங்கள் வந்து செய்துகாட்டி, நாலு கம்பெனிகளில் முதலாவதாக வந்தீர்கள். அதற்குப் பிறகுதான், "அவர் எங்க மாப்பிள்ளைதான்" என்று ஒரே ஒரு தடவை லிப்டில் சொன்னேன். அந்த ஒரு தடவை போதும், உங்களுக்குத் தெரியாதா? புதன்கிழமை இரவு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னங்க, யாருன்னு தெரிஞ்சுதா?" என்று மனைவி கேட்டாள்.

"மருந்துக் கவுன்டர் மெஷின்."

"அதுல யாரோட புரோகிராம்?"

நான் ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டேன்.

"அய்யய்யோ. மாப்பிள்ளையோடதா? வேற யாரோடதாவது இருக்கக் கூடாதா? நல்லா பாத்தீங்களா?"

"பதினேழாயிரம் தடவை பாத்தாச்சு."

"அப்ப யாருக்கும் தெரியாம நீங்களே சரி பண்ணிடுங்க" என்றாள். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. சர்வர் ஒரு மணி நேரம் பொறுப்பதை ஒரு நிமிஷமாகக் குறைத்துவிட்டால் ஊமைகள் எல்லாம் உடனுக்குடன் வெளியேறிவிடுவார்கள், விஷயமும் தீரும், யார் பெயரும் வராது. வியாழக்கிழமை காலை ஏழரைக்குப் போய்க் குறைத்துவிட்டேன். எட்டு மணிக்கு மருந்துக் கவுன்டர் ஜோராக ஓடியது. எட்டு பத்துக்குக் கதவுகள் நின்றன. அட்டை காட்டித் திறக்கும் கதவுகளை நடத்தும் பெட்டி இருக்கிறதே, அது காலையில் ஒரு தடவை வந்து உட்கார்ந்தால் நாள் முழுக்க அதே நாற்காலியில் இருந்து தேவைப்படும்போது கேட்கும். ஒரு நிமிஷம் யாரும் கதவுப் பக்கம் வரவில்லை, சர்வர் அதையும் எழுப்பி அனுப்பிவிட்டது. பெட்டிக்கு மறுபடி உள்ளே வரத் தெரியவில்லை. எல்லாக் கதவும் இப்படி நின்றாலும் பரவாயில்லை, படிக்கட்டுக் கதவுகள் கைப்பிடியில் திறக்கும். ஆனால் துணிக்கிடங்குக் கதவு அப்படி இல்லை. போர்வைகள் காணாமல் போகின்றன என்று அதற்கு மட்டும் உள்ளே போகவும் அட்டை, வெளியே வரவும் அட்டை. அன்றைக்கு என்று பார்த்து மேடம் போர்வை எண்ண உள்ளே போயிருந்தார்.

இருபத்தைந்து நிமிஷம். உள்ளேயிருந்து மேடம் கூச்சல் கூடப் போடவில்லை, சீராக, மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். நான் சர்வர் அறைக்கும் துணிக்கிடங்குக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தபோது கம்பி வந்து, நாலு திருகாணியைக் கழற்றிக் கதவையே பெயர்த்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். மேடம் ஒரு போர்வையைத் தோளில் போட்டபடி வெளியே வந்தார், உள்ளே குளிராம். கம்பியைப் பார்த்து, "ரொம்ப நன்றி" என்றார். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

இனிமேல் மூடிமறைத்துச் செய்ய முடியாது என்று தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொல்வதற்கு முன் உங்கள் காதில் போட்டுவிட வேண்டும் என்று வியாழன் மாலையே உங்களுக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கும். மாப்பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரக்கூடாது என்று முதலில் வெயிலைப் பற்றிக் கேட்டேன். பிறகு உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கேட்டேன். சின்னவளுக்கு எத்தனை பல் விழுந்திருக்கிறது என்று கேட்டேன், மூன்று என்றீர்கள், எந்தெந்தப் பல் என்று கேட்டேன். பன்னிரண்டு நிமிஷம் ஆகியும் நான் விஷயத்துக்குப் பக்கத்தில் கூட வரவில்லை. "சரிங்க மச்சான், அப்ப வெச்சிடட்டுமா?" என்றீர்கள். "வெச்சிடுங்க மாப்பிள்ளை" என்று என் வாயே சொல்லிவிட்டது. இதில் உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை.

கூட்டத்தில் நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. கேபிளில் ஒன்றும் இல்லை, பதினேழாயிரம் டி1-உம் இந்த நம்பர் மெஷினிலிருந்து வருகின்றன, அதிலிருந்து வரும் இணைப்புகள் வேலை முடிந்ததும் விடைபெறாமல் உட்கார்ந்துவிடுகின்றன என்று மட்டும் சொன்னேன். கம்பி படக்கென்று எழுந்து நின்றார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அவருடைய ஒப்பந்தத்தில் மேடம் அந்த மேசையிலேயே கையெழுத்துப் போட்டார். நானும் கதவுப் பெட்டிக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை பதினான்கு நாட்கள், ஒரு நாள் கூடத் திரை நிற்கவில்லை. இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், திங்கட்கிழமை மேடம் தன் கைப்பட உங்கள் முதலாளிக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார் என்பதும், அதில் உங்கள் புரோகிராமைக் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரைச் சொல்வது போல 'மேற்படி எதிரி' என்று குறிப்பிட்டிருக்கிறார் என்பதும், இரண்டாவது கட்டடத்துக்கான வேலையை நிறுத்திவைத்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. சொன்னது தங்கைதான். குளியல் தொடங்குவதற்கு முன் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

"அண்ணா, அத்தனை பேர் நடுவுல இவர் பேரைச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு?"

"பேரைச் சொல்லலம்மா. மெஷின் நம்பரைத்தான் சொன்னேன்."

"அந்த மெஷின்ல வேற யாருண்ணா இருக்கா?"

அவளே தொடர்ந்து, "இவர் ஆபீஸ்ல இருந்து வந்து சட்டையைக் கூடக் கழட்டாம உக்காந்திருக்கார். 'நான் எழுதினது எனக்குத் தெரியாதா'ன்னு அதையே சொல்றார்" என்றாள். மாப்பிள்ளை, அதைக் கேட்டு நான் பட்ட பாடு என் மனைவிக்குத்தான் தெரியும். உங்கள் முதலாளி மூலமாக நீங்கள் அனுப்பிய மூன்று வரிப் பதிலையும் படித்தேன். புரோகிராமில் விடைபெறும் வரி முதல் நாளிலிருந்தே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வரி இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. பதிவு யாருக்கும் வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. இன்றைக்கும் ஐந்து விநாடிக்கு ஒருவர் உங்கள் மெஷினிலிருந்து வருகிறார், பதிலை வாங்கிக்கொள்கிறார், வாயை மூடிக்கொண்டு உட்காருகிறார். என் சின்ன வயதிலிருந்து ஒரு விருந்தாளியும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. உங்களைப் போன்ற ஒருவர் வளர்த்த புரோகிராம் இப்படிச் செய்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கேட்பது ஒன்றுதான். கோபத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஒரு வரியைத் திறந்து பாருங்கள். எங்கேயோ ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கலாம். பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் நடப்பதுதான். நீங்கள் சரி செய்ததும் மேடத்திடம் நானே போய், இது தானாகவே சரியாகிவிட்டது என்று சொல்லி, இரண்டாவது கட்டடத்தைப் பற்றியும் பேசுகிறேன். என் மேல் வருத்தம் இருந்தால் நேரில் வந்து நாலு வார்த்தை சொல்லுங்கள். கம்பியின் இடத்தில் நீங்கள் நின்றிருந்தாலும் நான் பதிவைத் திறந்துதான் பார்த்திருப்பேன்.

தங்கைக்கு என் அன்பு. அவளுக்குப் பிடித்த பச்சை உறை போட்ட தலையணையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று அண்ணி சொல்லச் சொன்னாள். சின்னவளுக்கு விழுந்த மூன்று பல்லும் வரிசையாக முளைக்க வேண்டும். உங்கள் கையில் எடுத்த காரியமெல்லாம் நின்று நிலைத்து, வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்தும்,

உங்கள் மச்சான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று வெள்ளிக்கிழமை மாலை எழுதி மடித்து வைத்தேன். வெறும் வாய்ப்பேச்சு என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்று, பதிவில் ஒரு பக்கத்தைச் சேர்த்து அனுப்ப இன்று காலை ஆபீசுக்குப் போனேன். இதுவரை நான், வந்தவர்களின் விலாசத்தையும் அவர்கள் போன விதத்தையும் மட்டும்தான் தனியாகப் பிரித்தெடுத்துப் பார்த்திருந்தேன். உங்களுக்கு அரைகுறையாகக் கொடுக்க மனசு வராமல், முதன்முறையாக எல்லா வரியையும் முழுசாக அச்சடித்தேன். உள்ளே வந்தவர் தன் பெயரைச் சொல்லும் வரி ஒன்று நடுவில் இருக்கிறது. உங்கள் புரோகிராம் 'மருந்து' என்ற பெயரில் வருகிறது. ஏழு வாரமும் பார்த்துவிட்டேன். வந்தது, கேட்டது, விடைபெற்றுப் போனது. எல்லாம் யு1. ஒன்று கூடத் தப்பவில்லை. டி1 பதினேழாயிரத்து இருநூற்று எண்பதும் வேறு பெயரில் வந்திருக்கின்றன. 'சோதனை' என்று பெயர்.

அது நான்தான் மாப்பிள்ளை. கேபிள் போட்ட அன்று, அது சரியாக இருக்கிறதா என்று ஒரு நாள் மட்டும் பார்ப்பதற்காக, ஐந்து விநாடிக்கு ஒரு தடவை சர்வரிடம் போய், "இருக்கியா?" என்று கேட்கும் ஒரு குட்டிப் புரோகிராமை எழுதி அதே மெஷினில் போட்டிருக்கிறேன். விடைபெறும் வரியை நான் எழுதவில்லை. மறுநாள் எடுக்கவும் மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் மருந்துக் கவுன்டர் மூடியிருக்கும், அன்றும் அதே பதினேழாயிரம் வந்திருக்கிறது, அது ஏன் என்று கேட்கக் கூட எனக்குத் தோன்றவில்லை. பார்த்தவுடன் எடுத்துவிட்டேன். அரை மணி நேரம் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். கம்பிக்குச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அப்ப என் கேபிள் நல்லா இருக்குன்னு ஏழு வாரமா ஐஞ்சு விநாடிக்கு ஒரு தடவை நீங்களே நிரூபிச்சிருக்கீங்க சார்" என்றார். மேடத்தின் வீட்டுக்குப் போன் செய்து, வெயிலையும் மோட்டாரையும் பற்றி ஒன்றும் கேட்காமல், முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன். மேடம், "எழுத்துல கொடுங்க. திங்கக்கிழமை காலைல வாங்க, பேசலாம்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் முதலாளிக்கு ஒரு நகல் போகிறது. உங்களுக்கு ஒன்று இதோடு இருக்கிறது.

"அதான் மாப்பிள்ளை மேல ஒண்ணும் இல்லையே, அந்தக் கடிதத்தைக் கிழிச்சிட்டு நாலே வரில புதுசா எழுதுங்க" என்று மனைவி சொல்கிறாள். நான் கிழிக்கவில்லை. பதினான்கு நாள் நான் உங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு மரியாதையாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மன்னிப்பதானால் முழுசாகத் தெரிந்துகொண்டு மன்னியுங்கள். திங்கட்கிழமை மதியம் வரைக்கும் நான் மேடத்தின் அறையில் இருப்பேன். அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இருக்குமோ இருக்காதோ, போன் இருக்கும். கூப்பிடுங்கள். எவ்வளவு நேரம் திட்டினாலும் நானாக வைக்க மாட்டேன்.